ஸ்க்ரைவன் கோபுரத்து வாயாடித் துறவி

எங்கள் கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்றால் பதினேழு மாவட்டங்கள் தெரியும். மேற்கே வேல்ஸ் மலைகள் தெரியும். வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கிற நாளில், அதற்கும் அப்பால், கடலைத் தாண்டி அயர்லாந்தில் எவளோ ஒருத்தி கோழிக்குத் தீனி போடுவதுகூடத் தெரியும். சரி, கோழி கொஞ்சம் அதிகம்தான். அயர்லாந்தையும் எடுத்துவிடுங்கள். பதினேழையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஷ்ராப்ஷயரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த உச்சியிலிருந்து தெரிவது மழை ஒன்றுதான். ஆனால் கோபுரம் இருப்பது நிஜம், அதற்குள் ஹெட்டி ப்ரீஸ் இருப்பதும் நிஜம். இந்த இரண்டுக்கும் நான் மெருகு ஏற்றத் தேவையே இல்லை.

அருங்காட்சியகத்தில் விற்கிற கையேட்டில் கோபுரம் கட்டிய சர் ஜாஸ்பர் ஸ்க்ரைவனுக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், அவருடைய பொய்முடிக்கு ஒரு பக்கம். ஹெட்டிக்கு ஒரே ஒரு வரி: 'இரண்டாம் தளத்தில் துறவி வசிக்கிறார், தயவுசெய்து தொடாதீர்கள்.' இது அநியாயம். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சர் ஜாஸ்பரைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்லாமல் ஹெட்டியிடம் போக முடியாது. பக்கத்து எஸ்டேட் பிரபுவோடு அவருக்கு ஒரு வேலித் தகராறு. மற்றவர்களாக இருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் மலை உச்சியில் ஒரு வட்டமான கோபுரம் கட்டினார். மூன்று பக்கமும் அழகான ஜன்னல்கள். நாலாவது பக்கம், அதாவது அந்தப் பிரபு சாப்பிட உட்காரும் அறைக்கு நேர் எதிரே, ஜன்னலுக்குப் பதிலாகக் கல்லில் ஒரு பெரிய முகம், நாக்கை முழுசாக வெளியே நீட்டிக்கொண்டு. கட்டி முடித்த வருஷமே அந்தப் பிரபு கண்ணை மூடிவிட்டார். நாக்கு மட்டும் இன்றுவரை நீண்டபடியே இருக்கிறது, இப்போது அங்கே கோடைக்கு வந்து கூடாரம் போடுகிற குடும்பங்களைப் பார்த்து. இப்படி ஒன்றுக்கும் உதவாத கட்டடங்களுக்கு இந்த நாட்டில் 'கிறுக்கு' என்றே பெயர். ஊரில் யாரும் ஸ்க்ரைவன் கோபுரம் என்று சொல்வதில்லை, ஸ்க்ரைவன் கிறுக்குதான்.

பழிவாங்க ஆள் போய்விட்டதே, இனி கோபுரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் காலத்துப் பணக்காரர்களுக்கு ஒரு மோகம் இருந்தது: தோட்டத்துக்கு மயில் வாங்குவதுபோலச் சம்பளத்துக்கு ஒரு துறவியை வைத்துக்கொள்வார்கள். விருந்தாளிகள் உலாவப் போகும்போது, தாடியும் கந்தல் அங்கியுமாக ஒரு ஆள் குகையிலோ கோபுரத்திலோ உட்கார்ந்து பெருமூச்சு விட வேண்டும். பார்த்தவர்களுக்கு வாழ்க்கையின் நிலையாமை புரிந்து, அதன் பிறகு சாப்பாடு நன்றாக இறங்கும். சர் ஜாஸ்பரும் ஒரு துறவியை அமர்த்தினார். ஆளின் பெயர் ஜொசாயா க்ளட்டர்பக், பிரிஜ்நார்த்தில் பாலாடைக்கட்டி விற்று நொடித்துப்போனவர். முடி வெட்டக் கூடாது, நகம் வெட்டக் கூடாது, விருந்தாளிகளோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது, கையில் மண்டையோட்டை வைத்துக்கொண்டு சோகமாக இருக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஜொசாயா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். தினமும் பால் கொண்டுவந்த சூசனைக் கல்யாணம் செய்துகொண்டது ஒன்றுதான் ஏற்பாட்டில் இல்லாதது. சில வருஷத்தில் கோபுரத்தைச் சுற்றிக் குட்டித் துறவிகள் மூக்கொழுக ஓட ஆரம்பித்தார்கள். சர் ஜாஸ்பருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. சிரித்த சிரிப்பில் வாசல் கல்லில் செதுக்கவே சொல்லிவிட்டார்: இந்தக் கோபுரத்தில் ஒரு துறவி வாழும்வரை அவரை வெளியேற்ற எவருக்கும் உரிமையில்லை. கல்லை இன்றும் பார்க்கலாம், மேலே பாசி படிந்திருக்கும்.

அன்றிலிருந்து க்ளட்டர்பக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கேயேதான். எல்லாத் தலைமுறையிலும் ஒருவர் துறவி, மற்றவர்கள் துறவியின் குடும்பம். ஹெட்டியின் அப்பா ஆல்ஃப் வயல்களில் குழி பறிக்கிற மோல் எலி பிடிப்பவர். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த அதிகாரியிடம் தொழில் 'துறவி' என்றார்.

"அப்ப இந்த ஆறு பிள்ளைங்க?" என்று கேட்டாராம் அதிகாரி.

"சிஷ்யங்க" என்றாராம் ஆல்ஃப்.

அந்த ஆறில் கடைசி சிஷ்யைதான் ஹெட்டி. கோபுரத்தின் இரண்டாம் தளத்தில் பிறந்தவள். பிறந்ததும் அழவில்லையாம், நேராகப் பேசினாளாம். (இது அவளே சொன்னது, நான் சேர்த்தது இல்லை.) பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். வாத்தியார் அவளை மூலையில் நிற்க வைத்தால் அந்த மூலையோடு பேசுவாள். அவளிடம் தபால் கொடுக்கப் போன தபால்காரர் அன்றைக்கு வேறு வீட்டுக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை. ஆண், பெண், பாதிரியார், போலீஸ் எல்லாரும் அவளுக்குக் 'கண்ணு'தான்.

அவள் கட்டிக்கொண்ட வில்ஃப் ப்ரீஸ் சுண்ணாம்பு வண்டி ஓட்டினவர். வாரத்துக்கு இரண்டு வார்த்தை பேசுவார், இரண்டும் 'ம்'. ஆல்ஃபுக்குப் பிறகு துறவிப் பட்டம் வில்ஃபுக்குப் போனபோது ஊரே ஒத்துக்கொண்டது: ஜொசாயாவிலிருந்து இன்றுவரை வந்தவர்களில் இவர் ஒருத்தர்தான் நிஜமான துறவி. அவளோடு அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவருக்கு வேறு வழியும் இல்லை என்று சில பேர் சொன்னார்கள். வில்ஃப் இறந்த பிறகு பட்டமும் அவளுக்கே வந்தது, மேலே அவள் மட்டும்தான். வுல்வர்ஹாம்ப்டனில் இருக்கிற மகள் கூப்பிட்டாள். அங்கே மாடிக்கு லிஃப்ட் இருக்கிறதாம், எல்லா வசதியும் இருக்கிறதாம். ஹெட்டி போகவில்லை.

ஏன் என்று ஒருமுறை கேட்டேன். அவள் அலமாரியைக் காட்டினாள். கோபுரம் வட்டம் அல்லவா? அப்பா ஆல்ஃப் வீட்டுச் சாமான்களை எல்லாம் சுவருக்குத் தோதாக வளைத்தே செய்திருந்தார். வளைந்த அலமாரி, வளைந்த பெஞ்சு, கட்டிலின் தலைப்பக்கம்கூட வளைவுதான்.

"இதெல்லாம் நேர் சுவர்ல சாய்ஞ்சு நிக்குமா கண்ணு? நானும் நிக்கமாட்டேன்" என்றாள். அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை, அதனால் நம்பினேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்க்ரைவன் குடும்பத்தின் கடைசி வாரிசு எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஸ்பெயினுக்குப் போனார். கோபுரம் ஒரு அறக்கட்டளையின் கைக்கு வந்தது. மலை உச்சிக் கிறுக்கை அருங்காட்சியகம் ஆக்கப்போகிறோம் என்றார்கள். தலைவி மிஸஸ் வெனபிள்ஸ். குதிரை ஏறுகிறவள், குதிரையிடம் பேசுகிற அதே தொனியில் மனுஷரிடமும் பேசுவாள். காப்பாளராக வந்தவர் லயனல் ஃபெதர்ஸ்டன். செல்ட்டனமிலிருந்து வந்த ஒல்லி மனுஷன், குடைக்குக் கோட்டு மாட்டினாற்போல. பொய் என்றால் அவருக்கு அலர்ஜி. 'சுமார்' என்ற வார்த்தையைக்கூடச் சந்தேகத்தோடுதான் உச்சரிப்பார். பதினேழு மாவட்டம் என்று நான் சொன்னதும் மேலே ஏறிப் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்த ஒரே ஆள் அவர்தான். விடையை இங்கே சொல்லமாட்டேன்.

முதல் நாள் அவர் ஹெட்டியின் கதவைத் தட்டினார்.

"மிஸஸ் ப்ரீஸ், இந்தத் தளத்துல பழைய காலத்துப் பாத்திரங்களைக் காட்சிக்கு வைக்கிறதா திட்டம்."

"வையுங்களேன் கண்ணு. என்னோடதே நிறைய இருக்கு. எல்லாம் பழசு."

"இல்ல... நீங்க இங்க இருக்கமாட்டீங்க. கீழ ஊர்ல கவுன்சில் உங்களுக்கு ஒரே தளத்துல சின்னதா ஒரு பங்களா வீடு ஒதுக்கியிருக்கு. தோட்டம்கூட இருக்கு."

"நேர் சுவரா?"

"மன்னிக்கணும்?"

"அந்த வீட்டுக்குச் சுவர் நேரா, வளைவா?"

"நேர்... நேர்சுவர்தான்" என்றார் ஃபெதர்ஸ்டன், ஒரு தடவை யோசித்துவிட்டு.

"அப்ப வாசல்ல இருக்கிற கல்லைப் படிச்சுட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினாள். சாத்தின பிறகும் உள்ளேயிருந்து ஒரு கால்மணி நேரம் பேச்சு வந்துகொண்டிருந்ததாம். அவர் நின்று முழுசும் கேட்டாராம், நடுவில் போவது மரியாதை இல்லையே.

வக்கீல்கள் கல்லைப் படித்தார்கள். கல் செல்லும் என்றார்கள். மிஸஸ் வெனபிள்ஸ் இதை எதிர்பார்க்கவில்லை, ஆனால் முரட்டுக் குதிரையை அடக்கத் தெரிந்தவள் அவள்.

"துறவி இருக்கலாம்னுதானே கல் சொல்லுது? ரொம்ப நல்லது. இருக்கட்டும். ஆனா துறவியா இருக்கணும். சர் ஜாஸ்பர் காலத்து விதிப்படி, வர்றவங்களோட ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஈஸ்டர்ல திறக்கறோம், செப்டம்பர்ல கூடறோம். அதுவரைக்கும் வாயைத் திறக்கலேன்னா சாகற வரைக்கும் இருக்கட்டும். திறந்தா பங்களா வீடு. ஃபெதர்ஸ்டன் பார்த்துக்கிட்டு இருந்து உள்ளதை உள்ளபடி நம்மகிட்ட சொல்லட்டும்."

இந்தச் செய்தி மலையிறங்கி ஊருக்கு வந்தபோது பப்பில் எல்லாரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஹெட்டியிடம் 'பேசாதே' என்பது ஆற்றிடம் 'ஓடாதே' என்பதுபோல. ஐவி ட்ரம்பர் மட்டும், "முதல் நாள் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாக்குப்பிடிச்சா என் தொப்பியைத் தின்கிறேன்" என்றாள். ஐவிக்கும் ஹெட்டிக்கும் ஊர்க் கண்காட்சியில் ஜாம் போட்டி, பல வருஷப் பகை. பகை என்றால் ஒருத்தி ஜாமை ஒருத்தி ருசிபார்த்துவிட்டு 'ம், வித்தியாசமா இருக்கு' என்று சொல்கிற அளவுக்குப் போன பகை.

ஈஸ்டர் வந்தது. கீழ்த்தளத்தில் டிக்கெட் மேசையில் நான். பொய்முடி, பஞ்சடைத்த நரி, வெண்ணெய் கடைகிற பீப்பாய்கள். முதல் தளத்தில் அந்த வேலித் தகராறின் வரைபடம். இரண்டாம் தளத்தில் கயிறு கட்டி, கயிற்றுக்கு அப்பால், போர்க்காலத்தில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலை மறைத்த கறுப்புத் திரைத் துணியில் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு ஹெட்டி. கையில் களிமண் மண்டையோடு. நகம் வளர்க்கமாட்டேன், மாவு பிசையறது எப்படி என்று சண்டை போட்டு ஜெயித்திருந்தாள். தலையை மூடியிருந்த முக்காட்டுக்குக் கீழே வெள்ளிக்கிழமைகளில் முடி சுருட்டுகிற உருளைகள் இருக்கும், அது எனக்கு மட்டும் தெரியும்.

மத்தியானம் வந்தது. ஹெட்டி பேசவில்லை. ஐவி தன் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள்.

நான் செய்த உதவி ஒன்று உண்டு. வெல்லப்பாகு மிட்டாய், கறுப்பு நிறத்தில், பல்லோடு பல் ஒட்டிக்கொள்கிற ரகம், நானே காய்ச்சிப் பை பையாக மேலே அனுப்பினேன். காலை முழுக்க அவள் வாய் அதிலேயே ஒட்டிக் கிடக்கும். பேச்சுக்குப் பதிலாகப் பெருமூச்சு விடக் கற்றுக்கொண்டாள். அதில் எத்தனை வகை! 'போய்த் தொலை' பெருமூச்சு, 'உன் பிள்ளை கயிற்றை இழுக்குது' பெருமூச்சு, 'ஷூ நல்லாயிருக்கே, எங்க வாங்கினே' பெருமூச்சு. வந்தவர்கள் எல்லாம், 'என்ன சோகம், என்ன ஆழம்' என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்கள்.

மாலை ஐந்து மணிக்குக் கதவு சாத்தியதும் அத்தனையும் என் தலையில் கொட்டும். டீ ஆறிப்போகும், டோஸ்ட் கருகும், அவள் நிறுத்தமாட்டாள். "அந்த நீலக் கோட்டுக்காரி இருக்காளே, அவ புருஷன் அவளோட தம்பி மாதிரி இருக்கான், அவங்க பொண்ணு ஒரு கால் சாக்ஸை உள்பக்கம் வெளியே தெரியற மாதிரி போட்டிருந்தா, நான் சொல்லலாம்னா சொல்லக்கூடாதே, எனக்கு உள்ளுக்குள்ள கொதிக்குது..." குளிர் விடாத ஏப்ரல் அது. கீழே ஃபெதர்ஸ்டனின் அறையில் அடுப்பு கிடையாது. ஹெட்டி வாணலியால் தரையைத் தட்டுவாள், அவர் மேலே வந்து கதவோரம் உட்கார்ந்து பன்றிக்கொழுப்புக் கேக்கை ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு இறங்குவார். வேவு பார்க்கத்தான் வருகிறார் என்று நான் நினைத்தேன். கேக்கையும் தின்றுவிட்டு வேவும் பார்க்கிறாரே என்று அவரை உள்ளுக்குள் திட்டினேன்.

மே மாதம் ஐவி வந்தாள். டிக்கெட் வாங்கி, மூச்சு வாங்க மேலே ஏறி, கயிற்றுக்கு முன்னால் நின்றாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மேசையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்காதீர்கள்.

"இங்க பாருங்க எல்லாரும்" என்றாள் ஐவி, கூட்டத்தைப் பார்த்து. "இந்தச் சாமியாரம்மா போன வருஷம் ஊர்க் கண்காட்சியில டாம்சன் பழ ஜாமுக்குப் பரிசு வாங்கினாங்க. ஆனா அது கடையில வாங்கின டின்னை மாத்தி ஜாடியில ஊத்தினதுன்னு ஊர்ல பேச்சு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடலாமே, ஹெட்டி?"

ஹெட்டியின் முகம் சிவந்தது. முக்காட்டுக்குள் காதுகூடச் சிவந்ததாக நான் சத்தியம் பண்ணுவேன். மண்டையோட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள். அதை உற்றுப் பார்த்தாள். பிறகு திருப்பி ஐவியின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி மண்டையோடு, மறுபடி ஐவி. இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறவள்போல. கடைசியில் 'ரொம்ப வித்தியாசம் இல்லை' என்கிற பெருமூச்சு ஒன்று விட்டாள்.

கூட்டம் கைதட்டியது. ஐவி இறங்கிப் போய் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நிஜத் துறவி அவள்தான்.

ஜூன் வந்தது, அந்த எழுபத்தாறாம் வருஷத்து வெயில் வந்தது. இந்த நாட்டில் யாரும் பார்த்திராத வெயில். புல் எல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமானது. கிணறு வற்றியது. தெருமுனைக் குழாயில் வாளியோடு வரிசை நின்றோம். பிரபுவாக இருந்தாலும் பால்காரராக இருந்தாலும் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: வானிலை. ஷ்ராப்ஷயரில் ஒருத்தர் ஒருத்தரிடம் வாயைத் திறந்தாலே வானிலைதான் முதலில் வரும், அந்த வருஷம் அதற்கு மேல் எதுவுமே வரவில்லை. மேலே ஏறி வந்த ஒவ்வொருத்தரும் கயிற்றுக்கு முன்னால் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, என்ன வெயில்!" என்பார்கள். பதில் சொல்லாமல் இருப்பது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எதிரே தும்மினவருக்கு 'கடவுள் காப்பாற்றட்டும்' என்று சொல்லாமல் இருப்பதைவிடக் கஷ்டம். ஹெட்டிக்கு மிட்டாயும் உருகிப்போனது. வாயை அடைக்க எதுவும் இல்லை. திரைத் துணி அங்கியும் முக்காடுமாக வேர்த்து ஊற்ற, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆகஸ்டில் அவள் மெலிந்துபோனாள். ஐந்து மணிக்குப் பிறகுகூடப் பேச்சு குறைந்துவிட்டது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஒரு நாள் உளறிடுவேன்டி" என்றாள் ஒரு சாயங்காலம். "கனவுலகூட யாரோ 'என்ன வெயில்'ங்கிறாங்க, நான் வாயைப் பொத்திக்கறேன். அப்பா செஞ்ச கட்டில்லேயே படுத்துக்கிட்டு வாயைப் பொத்திக்கறேன்."

"இன்னும் கொஞ்ச நாள்தான் ஹெட்டி."

"அந்தப் பங்களா வீட்டுல கட்டிலை எங்க போடுவாங்க? நடுவுல போட்டுட்டு நான் சுத்திச் சுத்தி நடக்கணுமா?"

கதவோரம் கேக் தின்றுகொண்டிருந்த ஃபெதர்ஸ்டன் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆகஸ்ட் கடைசியில் விடுமுறைத் திங்கட்கிழமை. கோபுரத்தில் கூட்டம் நெரிந்தது. மத்தியானத்துக்குப் பிறகு மேற்கே கறுத்தது. முதல் சொட்டு விழுந்ததும் ஒருத்தர் "மழை!" என்று கத்தினார். அவ்வளவுதான். வந்தவர்கள், நான், பொய்முடியைக் காவல் காத்த வயசானவர், எல்லாரும் வெளியே ஓடினோம். மலை உச்சியில் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு வாயைத் திறந்து நின்றோம். ஒரு பாதிரியார் தொப்பியில் மழையைப் பிடித்துக் குடித்தார். இது நிஜம், பாதிரியார் மட்டும் கொஞ்சம் சந்தேகம்.

உள்ளே மிஞ்சினவர்கள் மூன்றே பேர். ஹெட்டி. மாடிப்படியில் ஃபெதர்ஸ்டன். டட்லியிலிருந்து வந்த ஒரு பருத்த மனுஷர், முட்டிவலியால் ஓட முடியாதவர். அவர் மழையைப் பார்க்க ஜன்னல் பக்கம் போகிற அவசரத்தில் கயிற்றைத் தாண்டி ஹெட்டியின் காலை ஓங்கி மிதித்துவிட்டார்.

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். யார் காலை யார் மிதித்தாலும், வாயிலிருந்து தானாக வருகிற ஒரு வார்த்தை எங்களுக்கு உண்டு. ஹெட்டி சொன்னாள்: "சாரி."

நாங்கள் நனைந்து சிரித்துக்கொண்டு உள்ளே வந்தபோது ஃபெதர்ஸ்டனின் முகம் வெளுத்திருந்தது. ஹெட்டி மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு சிலைபோல உட்கார்ந்திருந்தாள். என்ன நடந்தது என்று அவர் சொன்னதும் நான் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒரு வார்த்தைதானே, மிஸ்டர் ஃபெதர்ஸ்டன். யாருக்குத் தெரியப்போகுது?"

"அவங்க கேட்டா நான் சொல்லித்தான் ஆகணும்."

"கேக்காம இருந்தா?"

"கேப்பாங்க. கேக்கிறதுக்காகத்தான் கூடறாங்க."

அன்றைக்கு அவருக்கு டீ கிடையாது என்று முடிவு செய்தேன். ஆனால் மேலே வாணலி சத்தம் கேட்டது, அவர் தலை குனிந்து ஏறிப் போனார்.

செப்டம்பரில் அறங்காவலர்கள் கீழ்த்தளத்தில் கூடினார்கள். மேசைக்கு ஒரு பக்கம் மிஸஸ் வெனபிள்ஸ், பக்கத்தில் கர்னல் ஒருத்தர், இன்னும் இரண்டு பேர். டீ ஊற்றுகிற சாக்கில் நானும் உள்ளே. தலைக்கு மேலே ஹெட்டியின் ஆடும் நாற்காலி கிறீச் கிறீச் என்று ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு தளமும் வெறும் பலகைத் தரை, கீழே பேசுவது எல்லாம் மேலே கேட்கும்.

"சரி, ஃபெதர்ஸ்டன்" என்றாள் மிஸஸ் வெனபிள்ஸ். "துறவி பேசினாங்களா, இல்லையா?"

"பேசினாங்க, மேடம்."

மேலே நாற்காலி நின்றது.

"ஒரு பார்வையாளர் அவங்க காலை மிதிச்சார். மிஸஸ் ப்ரீஸ் 'சாரி'ன்னாங்க."

நான் டீயை ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டே இருந்தேன், வழிந்து தட்டு நிறைந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் கர்னல். "அவர் மிதிச்சாரு, இந்தம்மா சாரி சொன்னாங்களா?"

"ஆமா சார். அவரும் சொன்னார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல."

"அப்படின்னா அது பேச்சே இல்லயே. போன வாரம் நான் பேங்க்ல கண்ணாடிக் கதவுல இடிச்சுக்கிட்டு, கதவுகிட்ட சாரி சொன்னேன். அந்தக் கதவோட நான் பேசிக்கிட்டிருந்தேன்னு யாராவது சொல்வாங்களா?"

"விதி விதிதான் கர்னல்" என்று மிஸஸ் வெனபிள்ஸ் சொல்லிக்கொண்டே தன் கோப்பைக்குக் கையை நீட்டினாள். அவள் முழங்கை பஞ்சடைத்த நரியின் மேல் பட்டது. நரி பீடத்தோடு சாய்ந்தது. அவள் சட்டென்று அதைப் பிடித்து நிமிர்த்தி, அதன் முகத்தைப் பார்த்து, "ஐயோ, சாரி!" என்றாள்.

அறையில் எல்லாரும் நரியைப் பார்த்தோம். பிறகு அவளைப் பார்த்தோம். அவளும் நரியைப் பார்த்தாள். காலமெல்லாம் குதிரை ஏறின அந்த நிமிர்ந்த கழுத்து மெதுவாகச் சிவந்தது.

"தும்மல்" என்றாள் கடைசியில். "அது ஒரு மாதிரித் தும்மல். துறவி தும்மலாம்."

கர்னல் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஃபெதர்ஸ்டன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். தோற்றுப்போனவர் முகம் என்று நினைத்தேன். மேலே நாற்காலி மறுபடி ஆட ஆரம்பித்தது, முதலில் மெல்ல, பிறகு தரை அதிர.

அன்று முதல் ஹெட்டி சாகும்வரை அங்கேதான் என்று எழுத்தில் வந்துவிட்டது. பேசக் கூடாது என்ற விதியையும் அடுத்த வருஷமே எடுத்துவிட்டார்கள், வந்தவர்கள் துறவியிடம் கேள்வி கேட்க ஆசைப்பட்டார்களாம். இப்போது கேட்ட எல்லாருக்கும் அவள் பதில் சொல்கிறாள். அதனால் மேலே போனவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதில்லை, ஊரில் இரண்டு வீடுகளில் தங்க அறை விடுகிற தொழில் ஆரம்பித்திருக்கிறது.

இதை எழுதி முடித்து, நேற்று ஹெட்டியின் வளைந்த பெஞ்சில் உட்கார்ந்து உரக்க வாசித்துக்காட்டினேன். ஹெட்டிக்கு ஜாம் கிண்டுகிற வேலை. நடுநடுவே கரண்டியால் ஆமோதித்தாள். ஃபெதர்ஸ்டன் வழக்கம்போலக் கதவோரம், மடியில் கேக். ஓய்வு பெற்ற பிறகும் வாணலி சத்தம் கேட்டால் வந்துவிடுவார். வாசித்து முடித்ததும் அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு திருத்தம்" என்றார். "அவங்க 'சாரி' மட்டும் சொல்லல. 'சாரி கண்ணு'ன்னு ஆரம்பிச்சாங்க. அப்புறம் மழை, அதுக்கு முன்னாடி வெயில், வில்ஃபோட முட்டி, அந்த ஆளோட முட்டி, ரெண்டு முட்டிக்கும் என்ன தடவணும், கடைசியா டாம்சன் ஜாம் எப்படிக் காய்ச்சறதுங்கிறது வரைக்கும். நீங்க எல்லாரும் வெளிய நனைஞ்சுக்கிட்டு இருந்தீங்க. பேசினாங்களான்னுதான் மிஸஸ் வெனபிள்ஸ் கேட்டாங்க, ஆமான்னேன். என்ன பேசினாங்கன்னு யாரும் கேக்கல. முதல் வார்த்தையை நானாவே சொன்னேன், அதோட நிறுத்திக்கிட்டேன். அப்புறம் அந்த ஆள் ஓட முடியாம நிக்கல. கதவுகிட்ட நான் நின்னேன், அவரை வெளிய விடல. அவங்க ஈஸ்டர்லேருந்து பேசாம இருந்தாங்களே, யாராவது ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டுத்தானே ஆகணும்."